லேசா வெளியே இழுத்துத் திருப்புங்க

மற்ற வீடுகளில் விருந்தாளிக்குச் சாவி கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் சாவியோடு பயிற்சியும் கொடுப்போம்.

"சாவியை முழுசா உள்ளே விடுங்க. விட்டதும் அரை நூல் வெளியே இழுங்க. ரொம்ப இழுத்துடக் கூடாது. கதவை உங்க பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கணும். அப்புறம் சாவியை லேசா மேலே தூக்கி, ஒரு குலுக்கு குலுக்கித் திருப்புங்க. திறக்கலைன்னா பதறாதீங்க. மறுபடி முதல்லேர்ந்து." இதை என் மனைவி வாட்ஸ்அப் குரல் பதிவாகவே வைத்திருக்கிறாள். நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் முகவரி, கூகுள் மேப், குரல் பதிவு மூன்றும் அதே வரிசையில் அவர்கள் போனுக்குப் போய்விடும்.

இத்தனைக்கும் பூட்டு நல்ல பூட்டு. மேற்கு மாம்பலத்தில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது வாசல் கதவுக்குப் போட்ட நைட் லாட்ச். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் மூன்று சாவிகள் இருந்தன. மூன்றும் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன. சிக்கலே அதுதான்.

ஒன்று கோயம்புத்தூரில் மகளின் விடுதி அலமாரியில் இருக்கிறது. அவள் வீட்டுக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அப்போதும் காலிங் பெல்தான் அடிப்பாள். இன்னொன்று கும்பகோணத்தில் அத்தை வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. "ஆத்திர அவசரத்துக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று வாங்கிப் போனார். கும்பகோணத்தில் இருக்கிற சாவி மாம்பலத்து அவசரத்துக்கு எப்படி உதவும் என்று மாப்பிள்ளைமார்கள் கேட்பதில்லை. மூன்றாவது மனைவியின் கைப்பையில். அது எந்தக் கதவையும் ஒரே திருப்பில் திறக்கும் என்கிற நம்பிக்கை அவளுக்கு உண்டு. மற்றவர்களுக்கு அதைத் தொட அனுமதி கிடையாது.

ஆக, எனக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் மிஞ்சியது டூப்ளிகேட். முதல் டூப்ளிகேட்டை மனைவியின் சாவியை வைத்துத்தான் வெட்டினோம். அடுத்தது வேண்டியிருந்தபோது அவள் ஆபீஸில் இருந்தாள். டூப்ளிகேட்டை வைத்து டூப்ளிகேட் வெட்டினோம். அதற்கடுத்ததை அந்த இரண்டாவதை வைத்து. அத்தை ஒரு மாதம் தங்குவதற்காக வருகிறார் என்றதும் புதிதாக ஒன்று வெட்டினோம். (அவர் தன் சாவியைக் கொண்டுவர மாட்டார், அது அவசரத்துக்கு.) அது நான்காம் தலைமுறைச் சாவி. உள்ளே போனது. அத்தோடு நின்றுகொண்டது.

சாவி வெட்டும் மெஷினை நின்று பார்த்திருக்கிறீர்களா? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் சாவிக்காரர் நடைபாதையில் கடை போட்டிருக்கிறார். பலகை முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மெஷினில் இரண்டு சின்ன வைஸ் இருக்கும். ஒன்றில் நாம் கொடுத்த சாவி, மற்றதில் வெட்டாத சாவி. ஒரு முனை பழைய சாவியின் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டே போகும். அதே அளவுக்கு அந்தப் பக்கம் பல்சக்கரம் புதுச் சாவியை அறுத்துக்கொண்டே போகும். பித்தளைத் தூள் பொன்னாகப் பறக்கும். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் செய்கிற வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. சாவியின் தலைக்குக் கீழே தோள்மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். இரண்டு சாவிகளின் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும்படி வைத்து வைஸை முறுக்க வேண்டும். கோடு கொஞ்சம் தள்ளினால் எல்லாப் பல்லும் கொஞ்சம் தள்ளியே விழும். எங்கள் சாவிக்காரர் அன்றைக்கு வைஸை முறுக்கும்போது போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மைத்துனரின் நிலத் தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தார். எல்லைக் கல்லை யாரோ நகர்த்திவிட்டார்களாம்.

பூட்டுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த நகர்த்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். சாவி நுழைகிற உருளைக்குக் குறுக்கே ஐந்தோ ஆறோ பின்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. மேலே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு பின்னையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கி, இரண்டு துண்டும் சந்திக்கும் இடத்தை உருளையின் விளிம்புக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். ஐந்தும் ஒரே நேரத்தில் நேரானால் உருளை சுழலும். ஒன்றே ஒன்று முரண்டு பிடித்தாலும் சுழலாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்பதில் எங்கள் வீட்டு நான்கு பேர் இதுவரை ஒத்துப்போனதில்லை. ஐந்து பின்கள் தினமும் ஒத்துப்போகின்றன என்பதை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் மூலவடிவம் பண்டைய எகிப்தின் மரப் பூட்டுகளிலேயே இருந்தது. அதை உலோகத்தில் சீராக்கி அமெரிக்காவில் லைனஸ் யேல் 1848-இல் காப்புரிமை வாங்கினார். அதே பெயர்கொண்ட அவர் மகன் 1861-இல் அதைச் சிறிதாக்கி, சட்டைப்பையில் போடுகிற தட்டைச் சாவியைக் கொண்டுவந்தார். ஒரு பள்ளத்துக்கும் அதற்கடுத்த அளவுப் பள்ளத்துக்கும் வித்தியாசம் இன்றைய பூட்டுகளில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்கு மேல். "ஒரு நூல்தான் சார் தள்ளியிருக்கு" என்று யாராவது ஆறுதல் சொன்னால், பூட்டின் கணக்கில் அது அடுத்த ஊர்.

இப்போது நான்காம் தலைமுறைக்கு வருவோம். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் ஒரு மயிரிழை பிசகும். தேய்ந்த சாவியை வைத்து வெட்டினால் மெஷின் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டிக் கொடுக்கும். அதற்கு எது பல், எது தேய்மானம் என்று தெரியாது. நகலின் நகலில் முந்தைய பிசகுகள் எல்லாம் வட்டியோடு சேரும். பல் குறைவாக அறுபட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் அராவிச் சரிசெய்யலாம். அதிகமாக அறுபட்டுவிட்டால் உலகத்தில் எந்த அரமும் பித்தளையை ஒட்டவைக்காது.

புதுச் சாவியையும் அதற்கு மூலமான சாவியையும் எடுத்துக்கொண்டு சாவிக்காரரிடம் போனேன். அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டிப் பார்த்தார். "சார், சாவியில குறையே இல்ல. நீங்க குடுத்தது எப்படியோ அப்படியே இருக்கு. பூட்டுதான் போயிருக்கும்" என்றார். பூட்டு வாங்கிய கடையில் கேட்டேன். "இந்தப் பூட்டு போகவே போகாது சார். கதவு இறங்கியிருக்கும்." ஆசாரியைக் கூப்பிட்டேன். கதவைத் தட்டிப் பார்த்தார். "கதவு பர்மா தேக்கு சார், அப்படியே நிக்குது. நிலையை வெச்சவன் சரியா வெக்கல." நிலையை வைத்த கொத்தனாரைத் தேடி நான் போகவில்லை. போயிருந்தால் ஐப்பசி மழையைக் காட்டியிருப்பார். மழையிடம் கேட்க வழியில்லாததால் விசாரணை அங்கேயே முடிந்தது. இதில் கொடுமை, ஒவ்வொருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

அதற்குள் வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. அத்தை வந்த அன்றே பூட்டுத் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டார். முதல் இரண்டு நாள் சாவி வழுக்கிக்கொண்டு போனது. அத்தை எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எண்ணெய் தூசியை இழுத்துப் பிசினானது. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள்ளேயே உறைகிற எண்ணெய் பூட்டுக்குள் மட்டும் உருகியா நிற்கும்? மாடி வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பொறியாளர். தேங்காய் எண்ணெய் என்று கேள்விப்பட்டதும் தலையில் அடித்துக்கொண்டு, தையல் மிஷின் எண்ணெயோடு வந்தார். அதுவும் ஓடும், ஓடிப்போய் அதுவும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பின் பூட்டுக்கு நல்லது கிராஃபைட் தூள். அது கிடைக்காவிட்டால் பென்சில் போதும். மென்மையான பென்சிலால் சாவியின் பல்லிலும் பள்ளத்திலும் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து, விட்டு எடுத்து வந்தால் கரி உள்ளே பரவும். நான் வாசலில் உட்கார்ந்து சாவிக்குப் பென்சிலால் கறுப்படித்ததைப் பார்த்துவிட்டு அத்தை என் மனைவியிடம் தாழ்ந்த குரலில், "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

ஆனால் பென்சில் அழுக்குக்குத்தான் மருந்து. அளவு தப்பிய பல்லுக்கு மருந்தில்லை.

இந்த நாட்களில் ஒரு மாலை என் மச்சான் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாடி வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு, குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு முயன்றிருக்கிறார். "அரை நூல் வெளியே இழுங்க" என்று அவருடைய அக்காவின் குரல் மாடிப்படி முழுக்க எதிரொலித்ததாம். லண்டனில் 1851-இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று 200 கினி பரிசு அறிவித்திருந்த பிரமா பூட்டைத் திறந்துகாட்டினார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்தார். அதற்காக அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஹாப்ஸிடம் சாவி இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றவரைக் கொண்டாட ஒருவரும் இல்லை.

மச்சானுக்கு ஆறுதலாக அத்தை தன் கும்பகோணத்து வீட்டுத் திண்டுக்கல் பூட்டின் பெருமையைச் சொன்னார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. குறை சொல்ல முடியாது. அதில் பின் கிடையாது, லீவர். சாவி ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இங்கிலாந்தில் 1818-இல் சப் என்பவர் இன்னொரு படி போனார். தப்பான சாவியை யாராவது போட்டு லீவரைக் கூடுதலாகத் தூக்கிவிட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும்; வீட்டுக்காரர் வந்து தன் சாவியைப் போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இதை அத்தைக்கு விளக்கினேன். பூட்டைப் பற்றி நான் பேசியதில் அவர் முழுதாகக் கேட்டது அதை மட்டும்தான். "அது இங்கே எங்கே கிடைக்கும்?" என்றார்.

கடைசியில் கை கொடுத்தது ஒரு சோதனை. செலவில்லாதது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். திறந்த கதவில் பூட்டின் நாக்கு காற்றில் நிற்கிறது. நிலை அதைத் தொடவில்லை. திறந்த கதவில் ஒழுங்காகத் திரும்புகிற சாவி, சாத்திய கதவில் அடம் பிடித்தால் குற்றவாளி கதவு. திறந்த கதவிலும் அடம் பிடித்தால் சாவியோ பூட்டோ. பிறகு அசல் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அசல் திரும்பினால் பூட்டு நிரபராதி.

மனைவியிடமிருந்து அசல் சாவியை ஒரு மணி நேரத்துக்கு, திருப்பித் தருவதாக உறுதி சொல்லி வாங்கினேன். கதவை அகலத் திறந்து வைத்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் போட மாடிக்கு ஏறியவர் நின்று பார்த்தார். "சார், கதவு திறந்துதானே இருக்கு?" என்றார். "ஆமா, அதான் பூட்டு திறக்குதான்னு பாக்கறேன்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஏறிப்போனார். மோட்டாரைப் போட்டுவிட்டு இறங்கும்போது சுவரோரமாகப் போனார்.

அசல் சாவி திறந்த கதவில் வெண்ணெயாகத் திரும்பியது. சாத்திய கதவில் லேசாக இறுகியது. நான்காம் தலைமுறை திறந்த கதவிலேயே வம்பு செய்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: மனைவியின் குரல் பதிவில் எங்கள் வியாதி முழுவதும் மருத்துவச் சீட்டாக எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

"அரை நூல் வெளியே இழுங்க" என்றால், விளிம்பு ஒரே கோட்டில் நிற்காமல் வெட்டிய சாவி. பல் வரிசை மொத்தமாகத் தள்ளி விழுந்திருக்கிறது. "லேசா மேலே தூக்குங்க" என்றால், பல் தேய்ந்திருக்கிறது அல்லது ஆழமாக அறுபட்டிருக்கிறது. எங்கள் பூட்டில் பின்கள் மேல் பக்கம் இருப்பதால், சாவி எட்டாத உயரத்துக்கு நம் கை எட்டவைக்கிறது. "குலுக்குங்க" என்றால் ஒன்றிரண்டு பின்கள் அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உபயம் தேங்காய் எண்ணெய். "கதவை உங்க பக்கம் இழுத்துப் பிடிங்க" என்பதற்கும் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. கதவு மழையில் உப்பியோ கீல் தளர்ந்தோ, நாக்கு நிலைத் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. சிலர் வீட்டில் "எடுக்கும்போது ஆட்டி ஆட்டி எடுங்க" என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். அது பிசிறு. வெட்டியதும் கம்பி பிரஷில் காட்டாமல் கொடுத்த சாவி. விரல் நுனியால் பல்லைத் தடவினால் சுருக்கென்று குத்தும். நுழையும்போதே இறுக்கம் என்றால் வெட்டாத சாவியே வேறு ரகம். பக்கவாட்டுக் காடி பொருந்தவில்லை.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு கை அசைவைக் கண்டுபிடித்து, அதை மனப்பாடம் செய்து, வம்சத்துக்கே கற்றுக்கொடுத்திருக்கிறோம். சாவியைச் சரிசெய்யத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வேலைக்கு வரும் அக்கா இந்தக் கலையில் கரை கண்டவர். காய்கறிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே கையால், பேச்சை நிறுத்தாமல் திறப்பார். ஒருநாள் அவர் சாவியும் என் சாவியும் மாறிவிட்டன. இரண்டு பேரும் வெளியே நின்றோம். "உங்க சாவி வேற மாதிரி தூக்கணும் சார்" என்றார். சாவிக்குச் சாவி தனி வித்தை இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. ஆசாரி நிலைத் தகட்டின் துவாரத்தை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினார். கீலின் ஸ்க்ரூக்களை முறுக்கினார். மகளின் விடுதிச் சாவி, அதிகம் புழங்காததால் பல் தேயாத சாவி, பொங்கலுக்கு வந்தபோது கைப்பற்றப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு சாவிக்காரரிடம் போய், அவர் போனில் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தேன். நிலத் தகராறு ராசியாகிவிட்டதாம். நிதானமாக விளிம்பைப் பொருத்தி, வெட்டி, பிரஷில் காட்டி, துணியால் துடைத்துக் கொடுத்தார். எல்லாச் சாவியும் ஒரே தாய்ச் சாவியிலிருந்து வெட்டியவை. வீட்டுக்கு வந்து போட்டேன். ஒரே திருப்பு. திறந்தது.

மனைவி வந்தாள். புதுச் சாவியை வாங்கி உள்ளே விட்டாள். அரை நூல் வெளியே இழுத்தாள். கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து, மேலே தூக்கி, குலுக்கித் திருப்பினாள். திறக்கவில்லை. "ஏங்க, இந்தச் சாவி சரியில்லீங்க" என்றாள். அக்காவும் அதையே சொன்னார். அத்தை எண்ணெய் எடுக்க உள்ளே போனார். சாவியைத் திருத்த ஒரு மாலை போதுமாக இருந்தது. கைகளைத் திருத்தும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே வாசகர்களே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பூட்டோடு வந்த சாவிகளில் ஒன்றைப் புழங்காமல் எடுத்து வையுங்கள். எப்போது வெட்டினாலும் அதிலிருந்தே வெட்டுங்கள். கம்ப்யூட்டர் சாவி என்கிறார்களே, பல்லில்லாமல் குழி குழியாக இருப்பது, அதற்கு வேறு மெஷின் வேண்டும். அது உள்ள கடையில் மட்டும் கொடுங்கள். சிக்கினால் முறுக்கிப் பலம் காட்டாதீர்கள். பித்தளைச் சாவி உள்ளேயே உடைந்துவிட்டால் நூறு ரூபாய் வேலை ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும். முக்கியமாக, வெட்டிய அன்றே, கடை சாத்துவதற்குள், கதவைத் திறந்து வைத்துப் போட்டுப் பாருங்கள். சரியில்லை என்றால் எடுத்துக்கொண்டு போங்கள். நான் பார்த்த சாவிக்காரர் யாரும் மறுபடி வெட்டித் தர மறுத்ததில்லை. நாம்தான் போவதில்லை.